செலக்டர் மேல பழி போடாதீங்க: ப்ரௌசர் ஸ்டைல் கணக்கு போடும் கதை

இது பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு மெட்ரோல நிக்கிறவங்க, ட்ராஃபிக்ல மாட்டினவங்க, வீட்ல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு எபிசோட்ல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லப் போறேன். கொஞ்ச நாள் முன்னாடி எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையன் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தான். காலேஜ் முடிச்சு வந்த முதல் வேலை. அதுல ஒரு சிஎஸ்எஸ் வரி: டாட் ஆர்டர் லிஸ்ட், ஒரு ஸ்பேஸ், டாட் ஐட்டம், ஒரு ஸ்பேஸ், ஸ்பான். அவ்வளவுதான். நான் அதைப் பார்த்த உடனே கமென்ட் போட்டேன். "இவ்ளோ நீளமா செலக்டர் எழுதாதே, ப்ரௌசர் ஸ்லோ ஆயிடும். எல்லாத்துக்கும் தனித்தனி கிளாஸ் வை."

அவன் என் சீட்டுக்கே வந்து கேட்டான். "அண்ணா, எவ்வளவு ஸ்லோ ஆகும்?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. நான் இன்டர்வியூவுக்குப் படிச்சப்போ எங்கயோ படிச்சது, அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கல, நானும் அளந்து பாக்கல. ஆனா வாய்ல வந்தது, "அது பெஸ்ட் ப்ராக்டிஸ்டா." அவனும் தலையாட்டிட்டுப் போயிட்டான். அந்த சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த ஸ்க்ரீன்ல இருந்த சிஎஸ்எஸ் மொத்தத்தையும் மாத்தி எழுதினான்.

திங்கட்கிழமை எங்க டெஸ்டிங் அக்கா அவங்க போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்து ஸ்க்ரோல் பண்ணினாங்க. மூணு நாலு வருஷம் பழசான, விலை கம்மியான ஆண்ட்ராய்டு போன். "தம்பி, இது முன்னாடி மாதிரியேதான் திக்கித் திக்கி வருது"ன்னாங்க. துளி வித்தியாசம் இல்ல.

அந்தப் பையனோட ஒரு சனிக்கிழமை எங்க போச்சு? அதைத் தேடிப் போனப்போ ப்ரௌசர் உள்ளே ஸ்டைல் கணக்கு எப்படி நடக்குதுன்னு கத்துக்கிட்டேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கடைசியில அந்தத் திக்கலுக்கு உண்மையான காரணம் என்னன்னும் சொல்றேன்.

ப்ரௌசருக்கு முன்னாடி இருக்கற வேலை

முதல்ல வேலையோட அளவைப் பார்ப்போம். எச்டிஎம்எல் வந்ததும் ப்ரௌசர் அதை டாம்னு சொல்ற ஒரு மரமா மாத்துது. சிஎஸ்எஸ் தனியா வருது, ரூல்களோட ஒரு பட்டியலா மாறுது. அதுக்கப்புறம் மரத்துல இருக்கற ஒவ்வொரு எலிமென்டுக்கும், "உன் கலர் என்ன, ஃபான்ட் சைஸ் என்ன, மார்ஜின் என்ன"ன்னு ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு முடிவான மதிப்பைக் கண்டுபிடிக்கணும். இதுதான் ஸ்டைல் கணக்கு. இது முடிஞ்சாதான் லேஅவுட், அதுக்கப்புறம் பெயின்ட், அப்புறம் எல்லா அடுக்கையும் சேர்த்துத் திரையில காட்டறது.

ஒரு பக்கத்துல 3000 எலிமென்ட், 2000 ரூல்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு எலிமென்டையும் ஒவ்வொரு ரூலோட ஒப்பிட்டா 60 லட்சம் ஒப்பீடு. 60 ஹெர்ட்ஸ் திரையில ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிற நேரம் 16.7 மில்லிசெகண்ட். 120 ஹெர்ட்ஸ்னா அதுலயும் பாதி. அதுக்குள்ள ஜாவாஸ்க்ரிப்ட் ஓடணும், லேஅவுட் முடியணும், பெயின்ட் ஆகணும். அதனால ப்ரௌசர் இந்த 60 லட்சத்தையும் நேரா செய்யறதே இல்ல. எவ்வளவு வேலையைச் செய்யாம தப்பிக்கலாம்ங்கறதுதான் ப்ரௌசர் எழுதறவங்க இருபது வருஷத்துக்கு மேல யோசிச்சுக்கிட்டு இருக்கற விஷயம்.

கடைசி வார்த்தையில இருந்து ஆரம்பம்

ப்ரௌசர் செலக்டரை வலது பக்கத்துல இருந்து இடது பக்கமாப் படிக்குதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஏன்னு கேட்டா பல பேருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்தது.

தமிழ்ல யோசிச்சா இது ரொம்ப ஈஸி. "மாடி வீட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கற பூனை"ன்னு சொல்றோம். எதைப் பத்திப் பேசறோம்? பூனையைப் பத்தி. அது கடைசி வார்த்தை. முன்னாடி வர்றதெல்லாம் எந்தப் பூனைங்கறதுக்கு அடையாளம். சிஎஸ்எஸ் செலக்டரும் இதே மாதிரிதான். டாட் ஆர்டர் லிஸ்ட், டாட் ஐட்டம், ஸ்பான். "ஆர்டர் லிஸ்ட்டுக்குள்ள இருக்கற ஐட்டத்துக்குள்ள இருக்கற ஸ்பான்." இங்கிலீஷ்ல இதைச் சொல்லணும்னா வரிசையையே திருப்பிப் போடணும். நமக்கு அந்தச் சிரமம் இல்ல.

இப்போ ப்ரௌசர் கேக்கற கேள்வியைக் கவனிங்க. "இந்த ரூலுக்கு எந்தெந்த எலிமென்ட் பொருந்தும்"னு அது கேக்கல. கையில ஒரு எலிமென்டை வெச்சுக்கிட்டு, "இதுக்கு எந்தெந்த ரூல் பொருந்தும்"னு கேக்குது. கையில இருக்கறது ஒரு நாய்னா, "மாடி வீட்டு ஜன்னல்" பத்தி விசாரிக்கவே வேண்டாம். கடைசி வார்த்தை பூனை, இது நாய், அடுத்த ரூலுக்குப் போ. ஒரே ஒரு ஒப்பீட்டுல முடிஞ்சுது. ஒரு எலிமென்டுக்குப் பெரும்பாலான ரூல்கள் பொருந்தாது. அதனால "பொருந்தாது"ங்கற பதிலை எவ்வளவு சீக்கிரம் சொல்றோம்ங்கறதுதான் முக்கியம். வலது பக்கத்துல ஆரம்பிச்சா அது சீக்கிரம் தெரிஞ்சுடும்.

தபால் பெட்டிகள்

அடுத்த தந்திரம். அந்த ஒரு ஒப்பீட்டைக் கூட எதுக்கு 2000 தடவை பண்ணணும்?

தபால் ஆபீஸ்ல கடிதங்களைப் பின்கோடு வாரியாப் பிரிச்சுப் போடுவாங்க இல்லையா, அது மாதிரி ப்ரௌசர் ரூல்களை முன்கூட்டியே பிரிச்சு வெச்சுடுது. ரூலோட கடைசிப் பகுதியில ஐடி இருந்தா, அந்த ஐடி பேர்ல ஒரு பெட்டி. ஐடி இல்லாம கிளாஸ் இருந்தா, அந்த கிளாஸ் பேர்ல ஒரு பெட்டி. ரெண்டும் இல்லைன்னா டேக் பேர்ல. எதுவுமே இல்லாத, வெறும் ஸ்டார் மாதிரி செலக்டர்லாம் ஒரு பொதுப் பெட்டியில.

இப்போ ப்ரைஸ்ங்கற கிளாஸ் வெச்ச ஒரு ஸ்பான் எலிமென்ட் வந்தா, ப்ரைஸ் பெட்டி, ஸ்பான் பெட்டி, பொதுப் பெட்டி, இந்த மூணை மட்டும் திறந்தா போதும். 2000 ரூல்ல மிச்சம் எதையும் தொட வேண்டியதே இல்ல.

இங்க என் மேல ஒரு நியாயம் இருக்கற மாதிரி தெரியும். அந்தப் பையனோட செலக்டர் ஸ்பான்ல முடியுது, அதனால அது ஸ்பான் பெட்டிக்குப் போகும். பக்கத்துல இருக்கற எல்லா ஸ்பானும் அந்த ரூலைப் பார்த்தாகணும். தனி கிளாஸ் வெச்சிருந்தா அந்த வேலை மிச்சம். சரிதானே? கொஞ்சம் பொறுங்க.

வாசல்ல செருப்பு இருக்கா?

ஸ்பான் பொருந்திடுச்சு. அடுத்து இதுக்கு மேல டாட் ஐட்டம் இருக்கா, அதுக்கும் மேல டாட் ஆர்டர் லிஸ்ட் இருக்கான்னு பார்க்கணும். மரத்துல ஒவ்வொரு பெற்றோரா ஏறிப் போகணும். மரம் இருபது படி ஆழம்னா, "இல்லை"ன்னு சொல்றதுக்கே இருபது படி ஏறணும். நான் பயந்தது இதுக்குத்தான்.

ஆனா இதுக்கும் ஒரு வழி இருக்கு. நீங்க வெளியில போயிட்டு வீட்டுக்கு வர்றீங்க. அப்பா வீட்ல இருக்காரான்னு தெரியணும். ஒவ்வொரு ரூமாத் தேடுவீங்களா? வாசல்ல செருப்பைப் பார்ப்பீங்க. அப்பா செருப்பு மாதிரி எதுவும் இல்லைன்னா அவர் நிச்சயமா வீட்ல இல்லை. அந்த மாதிரி ஒரு கறுப்பு செருப்பு இருந்தா? இருக்கலாம். மாமா வந்திருந்து அவரும் அதே மாதிரி செருப்பு போட்டிருக்கலாம். அப்போ மட்டும் உள்ளே போய்ப் பார்க்கணும்.

இதுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பேரு ப்ளூம் ஃபில்டர். பர்ட்டன் ப்ளூம் 1970ல எழுதின பேப்பர்ல வந்தது. "இல்லை"ன்னு சொன்னா அது நூறு சதவீதம் உண்மை. "இருக்கலாம்"னு சொன்னா சரிபார்க்கணும். காலேஜ்ல படிச்சுட்டு, இதெல்லாம் எங்க யூஸ் ஆகப் போகுதுன்னு நினைச்சிருப்போம். 2011ல வெப்கிட் இதை செலக்டர் பொருத்தத்துல கொண்டு வந்தது. மத்த இன்ஜின்களும் இதே யோசனையைப் பயன்படுத்துறாங்க.

ப்ரௌசர் மரத்துல கீழ இறங்கறப்போ, கடந்து வர்ற ஒவ்வொரு பெற்றோரோட டேக், ஐடி, கிளாஸ் எல்லாத்தையும் இந்த ஃபில்டர்ல குறிச்சுக்கிட்டே வரும். மேல திரும்பிப் போறப்போ அழிச்சுடும். அதனால ஒரு ஸ்பானுக்கு முன்னாடி நிக்கும்போது, "இதுக்கு மேல எங்கயாவது ஆர்டர் லிஸ்ட் இருக்கா"ன்னு கேட்டா, ஒரு படி கூட ஏறாமலேயே "இல்லை"ன்னு பதில் கிடைச்சுடும். பக்கத்துல வேற எங்கயோ இருக்கற ஸ்பான் எல்லாம் அந்தப் பையனோட ரூலை இப்படித்தான் ஒரு நொடிகூட நிக்காம தாண்டிப் போயிருக்கு. நான் எதுக்காக அவனோட சனிக்கிழமையை எடுத்துக்கிட்டேனோ, அந்தப் பிரச்சினையை வெப்கிட்காரங்க 2011லேயே முடிச்சு வெச்சிருக்காங்க.

ஒரே அளவு சட்டை, ஒரே பந்தி

இன்னும் ரெண்டு விஷயத்தை வேகமாச் சொல்லிடறேன்.

ஒண்ணு, பகிர்வு. ஒரு லிஸ்ட்ல 200 எல்ஐ இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கிளாஸ், இன்லைன் ஸ்டைல் கிடையாது, ஐடி கிடையாது. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவர் ஒரே அளவுப் பசங்களுக்குத் தனித்தனியா அளவெடுக்க மாட்டார். ப்ரௌசரும் அப்படித்தான். "போன எலிமென்டும் இதுவும் ஒரே மாதிரி இருக்கு, பெற்றோரோட ஸ்டைலும் ஒண்ணுதான், இவங்களைப் பிரிச்சுப் பார்க்கற ரூலும் எதுவும் இல்லை"ன்னு தெரிஞ்சா, முதல்ல கணக்குப் போட்ட ஸ்டைலையே எடுத்துக் கொடுத்துடும்.

ரெண்டாவது, பல கோர்கள்ல ஒரே நேரத்துல வேலை. 2017 நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தப்போ, அதுல ஸ்டைலோன்னு ஒரு புது ஸ்டைல் இன்ஜின் இருந்தது. மோசில்லாவோட செர்வோ ஆராய்ச்சித் திட்டத்துல ரஸ்ட் மொழியில எழுதினது. ஒரு எலிமென்டோட ஸ்டைலுக்கு அதோட பெற்றோரோட ஸ்டைல் முதல்ல தெரியணும், ஏன்னா கலர், ஃபான்ட் மாதிரி சில ப்ராப்பர்ட்டி மேல இருந்து இறங்கி வரும். ஆனா பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு கிளைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு காத்திருக்க வேண்டியதில்லை. அதனால ஒவ்வொரு கோருக்கும் ஒரு கிளையைக் கொடுக்கலாம்.

ஆனா ஒரு கிளை பெருசா, இன்னொண்ணு சின்னதா இருந்தா? கல்யாணப் பந்தியைப் பாருங்க. தன் வரிசைக்குப் பரிமாறி முடிச்சவர் சும்மா நிக்க மாட்டார். பக்கத்து வரிசையில பாதி இலை காலியா இருந்தா, அங்க போய் சாம்பார் ஊத்த ஆரம்பிச்சுடுவார். ஸ்டைலோவும் இதையே பண்ணுது. வேலை முடிச்ச கோர், வேலை மிச்சம் இருக்கற கோர்கிட்ட இருந்து வேலையை எடுத்துக்கும்.

இதுக்கு நடுவுல 2014 வாக்குல வெப்கிட்காரங்க இன்னும் ஒரு படி மேல போயி, செலக்டரையே நேரடியா மெஷின் கோடா கம்பைல் பண்ண ஆரம்பிச்சாங்க.

அப்போ அந்த அட்வைஸ் எங்கிருந்து வந்தது?

யாரும் பொய் சொல்லல. 2000ல மோசில்லாவுல இருந்த டேவிட் ஹையாட், சிஎஸ்எஸ் வேகமா ஓட எப்படி எழுதணும்னு ஒரு வழிகாட்டி எழுதினார். ஐடிக்கு முன்னாடி டேக் பேரைச் சேர்க்காதீங்க, ஸ்பேஸ் வெச்சு எழுதற செலக்டரைத் தவிருங்க, இப்படிப் போகும். மோசில்லா ப்ரௌசரோட சொந்த மெனு, பட்டன், விண்டோ இதெல்லாமே சிஎஸ்எஸ்லதான் ஸ்டைல் பண்ணியிருந்தாங்க. அதை எழுதறவங்களுக்காக எழுதினது அது. அன்னைக்கு இருந்த இன்ஜினுக்கும், அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கும் அது சரியான அட்வைஸ்.

அதுக்கப்புறம் அது வெப் டெவலப்பர்களுக்கான பொது விதியா ஊர் ஊராச் சுத்தி, இன்டர்வியூ கேள்வியா மாறி, என் வாய்ல வந்து, ஒரு பையனோட வார இறுதியில போய் முடிஞ்சுது. அதுக்குள்ள இன்ஜின் பல தடவை மாறிடுச்சு. விதி மட்டும் மாறல.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். குட்டையா, கிளாஸ் மட்டும் வெச்சு எழுதறது நல்ல பழக்கம்தான். படிக்க ஈஸி, ஸ்பெசிஃபிசிட்டி சண்டை வராது, கோடை இடம் மாத்தினா உடையாது. அந்தக் காரணத்துக்காக எழுதுங்க. ரிவ்யூல அந்தக் காரணத்தையே சொல்லுங்க. "ஸ்லோ ஆயிடும்"னு நம்பர் இல்லாம பயமுறுத்தாதீங்க.

திக்கலுக்கு உண்மையான காரணம்

சரி, டெஸ்டிங் அக்கா போனுக்கு வருவோம். அவங்க போனையே வாங்கி, கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, டெவ்டூல்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங் எடுத்தேன். ஸ்க்ரோல் பண்றப்போ ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஊதா கலர்ல ஒரு நீளப் பட்டை. ரீகால்குலேட் ஸ்டைல். எத்தனை எலிமென்டுக்குக் கணக்கு போட்டுச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும். பார்த்தா கிட்டத்தட்ட பக்கத்துல இருக்கற அத்தனை எலிமென்டும். ஒவ்வொரு ஃப்ரேம்லயும்!

ஸ்க்ரோல் மட்டும்தானே பண்றோம், எதுக்கு எல்லாத்துக்கும் ஸ்டைலை மறுபடி கணக்கு போடணும்? கோடைத் தேடினேன். மேல இருக்கற ஹெட்டர், ஸ்க்ரோல் பண்ணப் பண்ணச் சுருங்கற மாதிரி ஒரு எஃபெக்ட் இருந்தது. அதுக்காக ஒவ்வொரு ஸ்க்ரோல் ஈவன்ட்லயும் ஒரு சிஎஸ்எஸ் வேரியபிளை மாத்திக்கிட்டு இருந்தோம். எங்க வெச்சு? ரூட் எலிமென்ட்ல. எழுதினது யாரு? நான்தான். ஒரு வருஷம் முன்னாடி.

சிஎஸ்எஸ் வேரியபிள் சாதாரணமா மேல இருந்து கீழ இறங்கும். ரூட்ல மாத்தினா, அதுக்குக் கீழ இருக்கற எல்லாருக்கும் புது மதிப்பு போய்ச் சேரணும். அதை யூஸ் பண்றது ஹெட்டர் ஒண்ணுதான்னாலும் சரி. ஒரு ரூம்ல லைட் போடறதுக்கு அப்பார்ட்மென்ட்டோட மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ற மாதிரி. என்னோட விலையுயர்ந்த லேப்டாப்ல அது தெரியவே இல்ல. அக்கா போன்ல தெரிஞ்சுது.

சரி பண்ணினது ரொம்ப சின்ன வேலை. அந்த வேரியபிளை ரூட்ல இருந்து எடுத்து, ஹெட்டர் எலிமென்ட் மேலயே வெச்சேன். ஊதாப் பட்டை சுருங்கிடுச்சு. அக்கா ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துட்டு, "இப்போ சரி"ன்னாங்க. வேரியபிள் கீழ இறங்கவே வேண்டாம்னா, அட் ப்ராப்பர்ட்டி ரூல்ல இன்ஹெரிட்ஸ் ஃபால்ஸ்னு அறிவிக்கறதும் ஒரு வழி. 2024 ஜூலையில இருந்து பெரிய ப்ரௌசர்கள் எல்லாத்துலயும் அது வேலை செய்யுது.

யாரையெல்லாம் எழுப்பணும்?

இன்னைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். ஒரு எலிமென்டுக்கு ரூலைப் பொருத்தறது இன்னைக்கு மலிவான வேலை. எத்தனை எலிமென்டுக்கு அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கறோம்ங்கறதுலதான் செலவு. இதுக்குப் பேரு இன்வேலிடேஷன். ஒரு மாற்றம் நடந்தா யாரையெல்லாம் எழுப்பி மறுபடி கணக்கு கேக்கணும்ங்கற கேள்வி.

க்ரோம்ல இருக்கற ப்ளிங்க் இன்ஜின் இதுக்கு ஒரு குறிப்பேடு வெச்சிருக்கு. டாட் டார்க், ஸ்பேஸ், டாட் கார்ட்னு ஒரு ரூல் இருந்தா, "டார்க்ங்கற கிளாஸ் எங்கயாவது சேர்ந்தாலோ போனாலோ, அதுக்குக் கீழ கார்ட் கிளாஸ் இருக்கறவங்களை மட்டும் எழுப்பு"ன்னு முன்கூட்டியே எழுதி வெச்சுக்கும். பாடியில டார்க் கிளாஸை மாத்தினாலும், ஆயிரம் எலிமென்ட்ல கார்ட் நாற்பதுன்னா அந்த நாற்பதுக்கு மட்டும் ரூல் பொருத்தம் மறுபடி நடக்கும்.

ஆனா நீங்க டாட் டார்க், ஸ்பேஸ், ஸ்டார்னு எழுதினா? "கீழ இருக்கற எல்லாரையும் எழுப்பு." செலக்டர் எழுதற விதம் உண்மையிலேயே செலவு வைக்கற இடம் இதுதான். நீளத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. கடைசியில யாரைச் சொல்றீங்க, மேல எது அடிக்கடி மாறும், இந்த ரெண்டையும் பாருங்க.

ஹேஸ் செலக்டரோட கதையும் இதேதான். குழந்தையை வெச்சுப் பெற்றோரை ஸ்டைல் பண்ணணும்னு டெவலப்பர்கள் பல வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வராததுக்குப் பெரிய காரணம் இன்வேலிடேஷன் பயம். அதுவரைக்கும் மாற்றத்தோட பாதிப்பு கீழேயோ, பக்கத்துலயோதான் போகும். ஹேஸ் வந்தா மேலேயும் போகும். கீழ ஒரு இன்புட் மாறினா, மேல இருக்கற எந்தப் பெற்றோரோட ஸ்டைலும் மாறலாம். இன்ஜின்காரங்க அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. 2022 மார்ச்ல சஃபாரி 15.4, அதே வருஷம் ஆகஸ்ட்ல க்ரோம் 105, 2023 டிசம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 121. தாராளமா யூஸ் பண்ணுங்க. ஆனா பாடி மேல ஹேஸ் வெச்சு பக்கம் முழுக்கக் கண்காணிக்கச் சொல்றதுக்குப் பதிலா, ஒரு ஃபார்ம் மேலயோ கார்ட் மேலயோ வெச்சா, ப்ரௌசர் தேடற இடம் சின்னதா இருக்கும்.

இன்னொரு செலவு, ப்ரௌசரை அவசரப்படுத்தறது. நீங்க ஸ்டைலை மாத்தின உடனே ப்ரௌசர் கணக்கு போடாது, சேர்த்து வெச்சு ஒரே தடவையாப் போடும். மளிகை லிஸ்ட் எழுதி வெச்சு ஒரே தடவை கடைக்குப் போற மாதிரி. ஆனா ஒரு லூப்புக்குள்ள ஒரு எலிமென்டோட அகலத்தை மாத்திட்டு, உடனே அடுத்ததோட ஆஃப்செட் ஹைட் என்னன்னு கேட்டா, சரியான பதில் சொல்ல அது அங்கேயே கணக்கு போட்டாகணும். உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவைன்னு கடைக்கு ஓட விடறீங்க. படிக்க வேண்டியதை எல்லாம் முதல்ல படிச்சுடுங்க, அப்புறம் மொத்தமா எழுதுங்க.

நீங்களே அளந்து பாருங்க

கிளம்பறதுக்கு முன்னாடி, நாளைக்கு ஆபீஸ்ல பண்ணிப் பாக்க மூணு விஷயம்.

முதல்ல, கன்சோல்ல க்வெரி செலக்டர் ஆல்ல ஸ்டாரைப் போட்டு, லெங்த் என்னன்னு பாருங்க. எத்தனை எலிமென்ட் இருக்குன்னு தெரியும். பல பேர் அதிர்ச்சி ஆவாங்க. எலிமென்ட் கம்மியானா எல்லா வேலையும் கம்மியாகும்.

ரெண்டாவது, க்ரோம் இல்ல எட்ஜ் டெவ்டூல்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் பேனல் செட்டிங்ஸ்ல செலக்டர் ஸ்டாட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை ஆன் பண்ணி ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் அந்த ஊதாப் பட்டையை க்ளிக் பண்ணினா, ஒவ்வொரு செலக்டருக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு, எத்தனை தடவை முயற்சி பண்ணுச்சு, எத்தனை தடவை பொருந்துச்சுன்னு டேபிளே வரும். வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க, அது ரெக்கார்டிங்கையே மெதுவாக்கும்.

மூணாவது, உங்க லேப்டாப்பை நம்பாதீங்க. சிபியு த்ராட்லிங்ல 4 மடங்கு, 6 மடங்கு மெதுவாக்கிப் பாருங்க. முடிஞ்சா நிஜமாவே ஒரு விலை கம்மியான போனைக் கையில எடுங்க. நாம எழுதறதை யூஸ் பண்ற பல பேர் கையில அந்த போன்தான் இருக்கு. அதுல திக்கினா, அவங்க "இன்வேலிடேஷன் பிரச்சினை"ன்னு நினைக்க மாட்டாங்க. "என் போன் சரியில்ல"ன்னு நினைச்சுப்பாங்க. தப்பு நம்மது, குறை அவங்க மேலன்னு ஆயிடும்.

அந்தப் பையன்கிட்ட அன்னைக்கே போய்ச் சொன்னேன். "நான் சொன்னது தப்புடா, ஸ்லோ ஆனதுக்குக் காரணம் என்னோட கோட்தான். சாரி." அவன் சிரிச்சுட்டு, "அதான் அண்ணா அன்னைக்கே எவ்வளவு ஸ்லோ ஆகும்னு கேட்டேன்"னான். இப்போ எங்க டீம்ல ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். ரிவ்யூல "ஸ்லோ"ங்கற வார்த்தையை யார் எழுதினாலும், பக்கத்துல ரெக்கார்டிங்கோட ஸ்க்ரீன்ஷாட் இருக்கணும். அந்த விதிப்படி முதல்ல மாட்டினதும் நான்தான்.

உங்க டீம்லயும் இப்படி யாரும் அளந்து பாக்காத ஒரு "பெஸ்ட் ப்ராக்டிஸ்" இருந்தா, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து அளந்து பார்க்கலாம். அதுவரைக்கும், பத்திரமா இருங்க மக்களே.